ஸ்கோர் ஏற்றித் தரப்படும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? பெயரைக் கேட்டால் வியாதியைச் சொல்வார்கள். வயதைக் கேட்டால் ஊரைச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கத்திவிட்டு வெளியே வந்தால் தொண்டையில் காபிகூட இறங்காது. ஆனால் அந்தக் கோபமெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போய்விடும். என் தங்கை விஷயத்தில் வந்த கோபம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தங்கை மாவு அரைத்து விற்கிறாள். நாங்கள் பிறந்தது ரெட்டியார்சத்திரம் பக்கம். கல்யாணமாகி இரண்டு பேருமே டவுனுக்கு வந்து சேர்ந்தோம். அவள் புருஷனுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்குமே சரியாகப் போய்விடுகிறது என்று ஒரு பெரிய கிரைண்டரை வாங்கிப் போட்டு, குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையிலேயே மாவுக்கடை வைத்தாள். சாயங்காலமானால் தெருவே தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்கும்.

அந்த வீட்டில் வேறு எந்தச் சிறப்பும் கிடையாது. மழை பெய்தால் பின்னறை ஒழுகும், கதவு தாழ்ப்பாள் விழாது. ஆனால் பின்னால் ஒரு கிணறு இருந்தது, அதில் நல்ல தண்ணீர். அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். துணி துவைத்தால் நுரை வராது. அந்தத் தண்ணீரில் மாவு அரைத்தால் இட்லியை மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும். கேன் தண்ணீர் வாங்கி அரைத்தாலோ லாபமெல்லாம் கேன்காரனுக்குப் போய்விடும். ஆக, கடை ஓடியது அந்தக் கிணற்றால். கிணறு இருந்தது அந்த வீட்டில். வீடு இன்னொருவருடையது.

போன வருடம் கார்த்திகையில் ஹவுஸ் ஓனர் வந்தார். நல்ல மனிதர். கோயம்புத்தூரில் இருக்கும் மகனோடு போய்விடப் போகிறேன், வீட்டை விற்கிறேன் என்றார்.

"இத்தன வருஷமா இருக்கீங்க. தை மாசம் முடியிற வரைக்கும் ஒங்களுக்குத்தாம்மா மொத உரிமை. லோன் போட்டு வாங்கிக்கங்க. முடியலைன்னா அதுக்குப் பெறகு கேக்குறவங்களுக்குக் குடுத்துருவேன். என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது."

தங்கை அன்றைக்கே எனக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, கெணறோட நமக்கே வந்துரும்க்கா," என்றாள். நானும் ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளைப் பேங்குக்குக் கூட்டிப்போனேன். மாவு வியாபாரத்துக்குக் கணக்கு வழக்கு இருக்கிறது, மாப்பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, கையில் கொஞ்சம் சீட்டுப் பணமும் இருக்கிறது, பிறகென்ன என்று தைரியமாகத்தான் போனேன்.

லோன் பார்க்கிற மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்ல. ஒங்களுக்குத்தான் கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. ஒரு குழுக் கடன் ‘செட்டில்ட்’னு விழுந்திருக்கு. அதாவது முழுசாக் கட்டல, பேசிக் கொறச்சுக் கட்டியிருக்கீங்க. இதப் பாத்தா எங்க மேலிடத்துல லோன் பாஸ் பண்ணமாட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகளிர் குழுவில் அவள் வாங்கிய கடனையெல்லாம் ஒழுங்காகக் கட்டியவள். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன்.

"எந்தக் கடன்டி அது?"

"அது நான் வாங்குனது இல்லக்கா. பூக்கட்டுற அக்காவுக்கு எடுத்துக் குடுத்தது."

"எடுத்துக் குடுத்ததுன்னா?"

"அவங்களுக்கு ஏற்கெனவே லோன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. புதுசாக் குடுக்கமாட்டேன்னுட்டாங்க. மக வளைகாப்பு வேற. அதான் எம் பேர்ல எடுத்து அவங்க கைல குடுத்தேன். அவங்கதான் வாரா வாரம் கட்டுனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பூருக்குப் போயிட்டாங்க."

அடிப்பாவி! நடுரோட்டில் கத்திவிட்டேன். பேங்க் செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். அவளோ தப்பே செய்யாதவள் மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குழுவுல எல்லாரும் அப்படித்தானக்கா செய்வோம். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவங்க பேர்ல எடுத்துத் தருவாங்க," என்றாள். பூக்காரி போன பிறகு மிச்சத்தை இவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இவளும் கட்டிப் பார்த்து முடியாமல், வசூலுக்கு வருகிறவன் "இம்புட்டக் கட்டுங்க, மிச்சத்தத் தள்ளுபடி பண்ணிருவோம்" என்றதும் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருக்கிறாள். தள்ளுபடி என்றால் மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். எழுதி வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அந்த மேடம் மகராசி, எரிந்து விழாமல் பதில் சொன்னார். தள்ளுபடி செய்த மிச்சத்தைக் குழுவுக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஆபீஸிலேயே போய்க் கட்ட வேண்டும். வசூல்காரன் கையில் கொடுக்கக் கூடாது. பாக்கி இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். ‘முடிந்தது’ என்று பதிவை அவர்கள் மாற்றி அனுப்பியதும் லோனுக்கு எழுதலாம். ஒரு மாதம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட ஆகும். பதிவில் தப்பு இருந்தால் நாமே ஆன்லைனில் புகார் போடலாம், அதற்குக் காலணா செலவில்லை. "இதுக்குன்னு யாராவது ஃபீஸ் கேட்டா குடுத்துறாதீங்க," என்று அவர் சொன்னதை நான் இந்தக் காதால் கேட்டேன். தங்கையும் பக்கத்தில் நின்று தலையைத் தலையை ஆட்டினாள்.

தங்கையிடம் சீட்டுப் பணம் இருந்தது, அந்த மிச்சத்தைக் கட்டச் சரியாக இருக்கும். தை முடிய நாளும் இருந்தது. "நாளைக்கே போய்க் கட்டுடி," என்று சொல்லிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் கேட்டால், "மாவுக்கு ஆர்டர் இருந்துச்சுக்கா, திங்கக்கெழம போறேன்." திங்கட்கிழமை கேட்டால், "சின்னவனுக்குக் காச்சல்." அதற்குப் பிறகு கேட்டால், "வேலை நடந்துக்கிட்டு இருக்குக்கா, நீ கவலப்படாத." நடந்துகொண்டிருக்கிறது என்றால் கட்டிவிட்டாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் தலைவி வீட்டில் கூடுவார்கள். தலைவி நத்தம் பக்கத்துக்காரி, புளி வாங்கி விற்கிறவள், குரலிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவாள். ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் யாரும் எழுந்து போகக் கூடாது. எல்லாருமாகச் சேர்ந்து போட்டுக் கட்டிவிட்டுத்தான் கலைய வேண்டும். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. உட்கார்ந்ததும் தலைவி ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை நடுவில் வைப்பாள். எல்லாரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். கடன் வாங்கும்போது, கட்டும்போது, போனுக்கு இங்கிலீஷில் நம்பர் வரும். முக்கால்வாசிப் பேருக்கு அது வாசிக்க வராது. தலைவி ஒவ்வொரு போனாக எடுத்து நம்பரை வாசிக்க, வசூல்காரன் தட்டிக்கொள்வான். "இது என்னடி கூத்து, போனப் போயி தட்டுல போடுறீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "சாமிக்கு முன்னாடி செருப்பக் கழட்டுறோம்ல, அது மாதிரிதான்," என்று சிரித்தாள் தங்கை. சிரிப்பு வேறு!

தலைவியைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளைக்கு மில்லில் கால் முறிந்து கிடந்தபோது, தங்கையின் தவணையை அவள்தான் வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்துக் கட்டினாள். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்கப் போனேன். தங்கை உள்ளே அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடந்த அவள் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் தவணைக்கு நாள் நெருங்கிவிட்டது என்று ஒரு கடன் ஆப்பிலிருந்து மெசேஜ். மேலே தள்ளிப் பார்த்தால், உங்கள் கடன் உங்கள் கணக்கில் போடப்பட்டது என்று ஒன்று. அதே நாளில், உங்கள் கார்டு மூலம் பணம் செலவானது என்று பேங்கிலிருந்து இன்னொன்று. வந்த பணம் வந்த சூட்டோடு போயிருந்தது.

"என்னடி இது?"

"அதா? அது ஸ்கோர் ஏத்துற கம்பெனி மெசேஜுக்கா. அப்படித்தான் வருமாம், கண்டுக்க வேணாம்னு சொல்லிருக்காரு."

"யாரு சொல்லிருக்காரு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பீரோவில் இருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் காகிதம். ‘லோன் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். ஏழே நாளில் ஸ்கோர் ஏற்றித் தரப்படும்’ என்று கொட்டை எழுத்து. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். தலைவி வீட்டுக்கே அந்த ஆள் வந்திருக்கிறான். ஸ்கோர் போடுகிற ஆபீஸுக்கு உள்ளேயே எங்களுக்கு ஆள் இருக்கிறது, பழைய பதிவையே அழித்துவிடுவோம் என்றிருக்கிறான். குழுவாகச் சேர்ந்தால் ஃபீஸ் குறைவு, தலைவிக்கு மட்டும் ஃபீஸே கிடையாது என்றிருக்கிறான். அப்போதே வாசலைக் காட்டியிருக்க வேண்டாமா? தலைவி தாம்பாளத்தை எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாரும் போனைப் போட்டிருக்கிறார்கள். ஆதார் ஜெராக்ஸ், பான் கார்டு, ஏடிஎம் கார்டுக்கு இரண்டு பக்கமும் போட்டோ. ரிப்போர்ட் எடுக்க ஒரு நம்பர் வரும், பதிவை அழிக்க ஒரு நம்பர் வரும் என்று அவன் சொல்லச் சொல்ல, தலைவி போன் போனாக எடுத்து வாசித்திருக்கிறாள்.

"ஃபீஸு எதுல கட்டுன?"

தங்கை பீரோவைச் சாத்தினாள். சீட்டுப் பணம் அத்தனையும் போயிருந்தது.

"அந்த மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களேடி! நீயும் தலைய ஆட்டுனியேடி!"

"ஓனரு வீட்டப் பாக்க ஆளுகளக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சுட்டாருக்கா. மேடம் ஒரு மாசம்னாங்க, இவரு ஏழு நாளுன்னாரு. கெணத்த எட்டி எட்டிப் பாக்குறாங்கக்கா வர்றவங்க. எனக்குப் பகீர்னு இருந்துச்சு. அதுபோக, எல்லாரும் சேரும்போது நான் மட்டும் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமா? வாயில் என்ன கொழுக்கட்டையா? மாட்டேன் என்று நான் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன்!

மறுநாள் டியூட்டிக்குப் போகவில்லை. தங்கையை இழுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏறினேன். ஏசி போட்ட சின்ன ரூம், கண்ணாடி மேசை, பின்னால் ஒரு சாமி படம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள். பழனிப் பக்கத்துப் பேச்சு. மரியாதை வழிந்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி கெடக்கட்டும். இவ பேர்ல எவன் கடன் வாங்குனது?"

"அது கடனில்லைங்க்கா. ஸ்கோர் ஏறணும்னா சின்னதா ஒரு லோன் காட்டி, கட்டி முடிக்கற மாதிரி காட்டோணுமுங்க. எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்."

"பணம் அவ கணக்குக்கு வந்து எங்க போச்சு?"

"புரோசஸ்ல இருக்குதுங்க்கா."

"வாங்குன ஃபீஸுக்கு ரசீது குடு."

"ரசீது குடுத்தா ரெக்கார்டுல வந்துருமுங்க. அப்புறம் பதிவை அழிக்க முடியாதுங்க."

எனக்கு மண்டை காய்ந்தது. காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? பேங்க் மேடத்திடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவன் பதறவே இல்லை. "பேங்குல மட்டும் கேட்டுராதீங்க்கா, கேக்கக் கேக்க ஸ்கோர் எறங்கிருமுங்க. நேரா புகார் கீகார் போட்டீங்கன்னா நாங்க செஞ்ச வேலையெல்லாம் வீணாப் போயிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க," என்றான். தங்கை பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். பேங்குக்கும் போகக் கூடாது, கம்பெனிக்கும் எழுதக் கூடாது, ரசீதும் கிடையாது, யாரிடமும் சொல்லவும் கூடாது. நேர்மையாகத் தொழில் செய்கிறவன் எவனாவது இப்படிச் சொல்வானா? அத்தோடு விட்டானா? என்னைப் பார்த்து, "உங்க ஸ்கோர் எவ்வளவுன்னு பாத்திருக்கீங்களாக்கா? போனக் குடுங்க, ஃபிரீயாவே பாத்துருலாம்," என்று கையை நீட்டினான்.

என் வாழ்க்கையில் அப்படியொரு திட்டு நான் யாரையும் திட்டியதில்லை. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, "பாத்துப் போங்கக்கா, படி செங்குத்தா இருக்கும்," என்றான்.

படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். சைபர் கிரைமில் புகார் கொடுப்பது, அந்த நகலை வைத்து இந்தக் கடன் நான் வாங்கியதில்லை என்று ஆப் கம்பெனிக்கு எழுதுவது. வழியில் பேங்கில் ஏறிக் கேட்டபோது மேடமும் அதையேதான் சொன்னார். அது பொய்க் கடன் என்று ஒத்துக்கொண்டால் பதிவிலிருந்து தூக்கிவிடுவார்கள், பழைய மிச்சத்துக்கு நான் என் நகையை வைத்துப் பணம் தருகிறேன், வேகமாகச் செய்தால் வீடு இன்னும் கையைவிட்டுப் போகவில்லை என்று தங்கைக்கு விளக்கினேன். அவளும் சரி என்றாள்.

போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினேன். "இந்தா பாரு, நடந்தத நடந்தபடி சொல்லு. அவன் வந்தான், தட்டுல போனப் போட்டீங்க, தலைவி நம்பர வாசிச்சாங்க. அவங்களையும் அவன் ஏமாத்திட்டான், அம்புட்டுத்தான். அவங்களக் கூப்பிட்டு விசாரிச்சா மத்த பொம்பளைங்களும் வந்து சொல்லுவாங்க. ஒரே ஆளு அத்தன பேர ஏமாத்திருக்கான்னா கேஸு நிக்கும். புரியுதா?"

"தலைவிக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. தூக்குலயா போடப் போறாங்க?"

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் எழுதிக்கொண்டார். பொறுமையான ஆள்தான். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஓடிபி நம்பர அவன்கிட்டச் சொன்னது யாரும்மா?" என்றார்.

தங்கை வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"நான்தான் மேடம் சொன்னேன்."

நான் மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். நன்றாக வலிக்கும்படி கிள்ளினேன். "இல்ல மேடம், குழுவுல..." என்று நான் ஆரம்பித்ததும், "எங்கக்கா அங்க இல்ல மேடம், அவளுக்குத் தெரியாது. எம் போனு, நான்தான் சொன்னேன்," என்றாள். புகார் கொடுக்கிறவள் அவள். அவள் சொன்னதைத்தானே எழுதுவார்கள்? எழுதினார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து சத்தம் போட்டுத் தீர்த்தேன். அவள் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் நகையை வைத்துப் பழைய மிச்சத்தைக் கட்டினேன். பாக்கி இல்லை என்ற கடிதமும் வந்தது. அது பாட்டுக்கு ஒழுங்காக நடந்தது, அந்த மேடம் சொன்ன மாதிரியே, ஒரு பைசா லஞ்சமில்லாமல். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் பொங்கியது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் தை பிறக்கும் முன்னே எல்லாம் முடிந்திருக்கும். ஆப் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. நம்பரைத் தானே சொன்னதாக வாடிக்கையாளரே போலீசில் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே கடன் செல்லும், தவணையைக் கட்டவும். அந்த இரண்டு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ் அந்த மாடிக்குப் போனபோது பூட்டு தொங்கியது. மற்றப் பெண்கள் யாரும் புகார் கொடுக்க வரவில்லை. புருஷனுக்குத் தெரிந்தால் அடிப்பான் என்றாள் ஒருத்தி. போனது போகட்டும் என்றாள் இன்னொருத்தி.

பேங்க் மேடம் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். பழையது ‘முடிந்தது’ என்று மாறியிருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று, தவணை தவறிய கடன் என்று நின்றது. "நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார். அவருக்கும் வருத்தம்தான். புகாரை இன்னும் மேலே எழுதிப் போடலாம், ஆனால் நாளாகும் என்றார். நாள்தான் இல்லையே.

தை முடிந்தது. ஹவுஸ் ஓனர் சொன்ன சொல் தவறவில்லை, ஒரு வாரம் கூடவே பொறுத்தார். பிறகு தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வாங்கியதே கிணற்றுக்காகத்தான்.

தங்கைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. வாடகை கூட, தண்ணீர் உப்பு. சாமான் மாற்றுகிற அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். போனால், குழுப் பெண்கள் மொத்தமும் வந்து நிற்கிறார்கள். ஒருத்தி பாத்திரத்தைச் சாக்கில் கட்டுகிறாள், ஒருத்தி பாயைச் சுருட்டுகிறாள். தலைவி முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் நிற்கிறாள். ஆம்பளை ஆள் வேண்டாம், நாமே தூக்கிவிடலாம் என்கிறாள். என்னைக் கண்டதும், "ஏத்தா, வா வா, நீ இந்தப் பக்கம் பிடி," என்றாள். அவளிடம் பேசுவதில்லை என்று வைராக்கியத்தோடு போயிருந்தேன். ஆனால் கிரைண்டருக்கு ஆள் வேண்டியிருந்தது. குனிந்து பிடித்தேன்.

நேருக்கு நேர் முகம் பார்த்தபடி தலைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒந் தங்கச்சி நல்லவதான், ஆனா வெவரம் பத்தாது ஆத்தா. அந்த நம்பர ஒருத்தங்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு டிவியில அம்புட்டு வாட்டி சொல்றான். இவ என்னடான்னா, நான்தான் சொன்னேன்னு போலீஸுலயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. இப்பப் பாரு, வீடு போச்சு."

கிரைண்டரைப் பிடித்த கை தானாக விட்டது. "யாரு சொன்னது நம்பர? யாரு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். கிணற்றடியில் நிறுத்திய பிறகுதான் கையை விட்டாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. எனக்குத்தான் கோபம் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ பேசாத. ஒரு வார்த்த பேசாத."

"அவ பேசுனது கேட்டுச்சாடி ஒனக்கு?"

"கேட்டுச்சு. கேட்டா என்ன? பேங்குல இனி என்னைய வாசல் ஏற விடமாட்டாங்க. நாளைக்கு அவருக்கு மறுபடி கால்ல ஒண்ணு ஆச்சுன்னா, கிரைண்டர் மோட்டாரு போச்சுன்னா, பிள்ளைக்கு ஃபீஸு கட்டணும்னா, எம் பேர்ல எவன் குடுப்பான்? இவங்கள்ல ஒருத்தி பேர்லதான் நான் வாங்கணும். இவங்ககிட்டத்தான் நான் போயி நிக்கணும். இவங்களையும் பகைச்சுக்கிட்டு நான் எங்க போகச் சொல்ற?"

ஒவ்வொரு பேச்சுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் நின்றாலும் எனக்குப் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன வாய், வேண்டாத இடத்திலெல்லாம் பேசும்.

"எங்கத்தா போயிட்டீங்க ரெண்டு பேரும்? வெயிலு ஏறுதுல்ல!" தலைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தா வாறோம்க்கா!" என்று தங்கை சிரித்த குரலில் பதில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். போய்க் குனிந்து, தலைவிக்கு எதிரே, என் பக்கத்தைப் பிடித்தேன். "ம், தூக்குத்தா," என்றாள் அவள். தூக்கினேன்.